எல்லாத் தட்டிலும் ஒட்டியது

பசைக்குத் தலை சுற்றியது. லேபில் அவளுக்கு வைத்த பெயர் அது. இதயத் தசை செல்கள் எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்று மூன்று வருஷமாக மாரடிப்பவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஒட்டாத செல் செத்து மிதக்கும். அவள் தயாரித்த பூச்சைத் தடவிய தட்டில் அவை ஒட்டிக்கொண்டு துடிக்க வேண்டும். வெறும் கண்ணாடித் தட்டில் நிற்காமல் வழுக்கிப் போக வேண்டும். அந்த வித்தியாசம் தெரிந்தால்தான் பூச்சுக்கு மதிப்பு. முதல் தடவை பூஞ்சை பிடித்தது, அடுத்த தடவை கரண்ட் போனது. இதுதான் கடைசி வாய்ப்பு என்று பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். பதினோரு மணிக்கு அவரிடம் காட்ட வேண்டும்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூச்சுத் தட்டில் துடிப்பு. நல்லது. கண்ணாடித் தட்டிலும் துடிப்பு! தட்டை மாற்றி வைத்துவிட்டோமோ என்று அடியில் எழுதியிருந்ததைப் படித்தாள். சரியாகத்தான் இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒட்டக் கூடாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவை தம் பாட்டுக்குத் துடித்தன. அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" செல்களுக்குத் தீனி மாற்றும் அக்கா கையுறையை மாட்டிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, இதுல ஏதாவது விட்டீங்களா?"

"கொஞ்சம் சீரம் விட்டேன். நேத்து சாயங்காலம் பார்த்தா வெறுந்தண்ணி மாதிரி ஊத்தி வெச்சிருந்தே. பாவம், பட்டினி கிடக்குதேன்னு மனசு கேக்கல."

"எல்லாத்துக்குமா?"

"பின்னே? ஒண்ணுக்குப் போட்டுட்டு இன்னொண்ணைக் காயப்போடச் சொல்றியா?"

ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரத்திலேயே ஒட்டுப் புரதம் இருக்கிறது. அது விழுந்துவிட்டால் எந்தத் தட்டும் பூச்சுத் தட்டுதான். அதனால்தான் பசை வேண்டுமென்றே சீரம் சேர்க்காமல் வைத்திருந்தாள். அக்காவுக்கு அது தெரியாது. சொல்லிவைக்காதது யார் தப்பு என்று பசைக்கும் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு, அவள் மைக்ராஸ்கோப்பில் எடுத்துப்போன படங்களைப் பேராசிரியர் புரட்டினார். "எல்லாத்துலயும் ஒட்டியிருக்கே?"

"சீரம் கலந்துடுச்சு சார்."

"யார் விட்டது?"

அக்காவின் வேலை போய்விடும் என்று நினைத்தாளா, ஒன்றுமே நினைக்கவில்லையா, அவளுக்கே விளங்கவில்லை. "நான்தான் சார்."

அவர் படங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "இத்தோட நிறுத்திக்கலாம்மா."

திரும்பி வந்தபோது அக்கா இன்குபேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். "நல்லாத்தானே பிடிச்சுட்டு இருக்குதுங்க. இன்னிக்கும் கொஞ்சம் விடட்டுமா?"

கோபம் வந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

"விடுங்க அக்கா," என்றாள். "எல்லாத்துக்கும்."