முருங்கையில் ஏறிய வெள்ளைகள்

"ஊர்க்கோழி இல்லாத வீட்டுக்கு அம்மா வரமாட்டாவாம். வேணுமெண்டா என்னை மூதூருக்கு வரட்டாம்" என்றாள் கமலாதேவி. அவளுக்கு அப்போது நாலு மாதம்.

மூதூர் என்றால் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம். லோஞ்ச் படகு ஓடினால் பகல் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஓடாவிட்டால், பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகுதான் தகப்பனின் முகத்தைப் பார்க்கும். சண்டைக் காலத்தில் லோஞ்ச் ஓடுவதும் நிற்பதும் காற்றின் கையிலோ கடலின் கையிலோ இருக்கவில்லை. கணவன் ஆனந்தராசாவுக்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் காவல் வேலை, லீவு கிடையாது. அவனை விட்டுவிட்டு அக்கரைக்குப் போகமாட்டேன், நிலாவெளியில்தான் பெறுவேன், அம்மாதான் வரவேணும் என்று கமலாதேவி ஒரே பிடியாக நின்றாள்.

அம்மா நல்லம்மாவின் பிடி அதைவிட இறுக்கம். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மஞ்சளும் வேர்க்கொம்பும் அரைத்து, நல்லெண்ணெய் விட்டுச் சரக்குக் கறி வைக்கவேணும். அதற்கு ஊர்க்கோழிதான்.

"அப்ப கோழி வளர்ப்பம்" என்றான் ஆனந்தராசா. "ஆனா வளர்க்கிறதெண்டா நல்ல சாதியா வளர்ப்பம். டவுணிலை சிவகுருநாதன் மாஸ்டர் கலப்பில்லாத சிவப்புக் கோழி வைச்சிருக்கிறார். பாத்தால் ராசா மாதிரி."

மாஸ்டர் இருவரையும் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தார். பிறகு விசாரணை தொடங்கினார்.

"வீட்டுக்கு என்ன வேலி?"

"கிடுகு வேலி, சேர்."

"பொத்தல் கித்தல்?"

"கொஞ்சம் கிடக்கு."

"பக்கத்து வளவிலை சேவல் இருக்கோ?"

"ஓம், மைமூனாக்கா வீட்டிலை ஒண்டு நிக்குது."

"அது என்ன சாதி?"

ஆனந்தராசா யோசித்தான். "அது... வேலி பாயிற சாதி, சேர்."

மாஸ்டர் கோப்பையை வைத்துவிட்டார். "தம்பி, குறை நினையாதையும். என்ர பேட்டுக்கோழியை உம்மடை வளவிலை விட்டால் மூண்டே நாளிலை வம்சம் கலந்திடும். தர ஏலாது."

படலை தாண்டும் வரையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்த கமலாதேவி றோட்டில் வைத்துக் கொட்டிவிட்டாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் என்னைக் கேட்டு வந்த நேரம் அப்பா உங்களை இவ்வளவு கேள்வி கேக்கேல்லை!"

செய்தி வேலிக்கு அப்பால் போக எவ்வளவு நேரம்? மைமூனா பொத்தலுக்குள்ளால் முகத்தை நீட்டினாள்.

"ஏன்டி புள்ள, என்ட கோழியெல்லாம் ஒங்கட கண்ணுக்குத் தெரியாதா? ரெண்டு பேட்டைப் பிடிச்சித் தாறன். ஊர்க்கோழிதானே?"

"அப்பன் ஆரெண்டு தெரியாத கோழியள்" என்று வீட்டுக்குள்ளிருந்து ஆனந்தராசா முணுமுணுத்தான்.

"அப்பன் பேரு தெரிஞ்சா கறி ருசிக்குமா, தம்பி?"

கமலாதேவி வேறொரு கணக்கில் இருந்தாள். "மைமூனாக்கா, உங்கட பேடு கொஞ்ச முட்டை இடும். பிறகு அடை கிடக்கும். குஞ்சு பொரிச்சாப் பருந்து பாதி, கீரி பாதி. எனக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமக் கறி வேணும். கண்டிப் பக்கத்துப் பண்ணையிலை மெசினிலை பொரிச்ச குஞ்சு பெட்டியோடை தருகினமாம். அதிலை ஒரு டசின் எடுப்பம்."

"அது வெள்ளை வெளேரெண்டு வளருமே? ஒங்கட உம்மாக்குக் கண் தெரியாதா?"

"சட்டிக்குள்ளை போனாப்பிறகு எல்லாக் கோழியும் ஒரு நிறந்தான். நீங்கள் வாயைத் திறவாதேங்கோ."

குஞ்சுகள் பஸ்சில் வந்தன. ஓட்டை போட்ட காட்போட் பெட்டி, உள்ளே கீச்சுக் கீச்சு. சோதனைச் சாவடியில் சிப்பாய் பெட்டியைத் திறந்து பார்த்து, தானும் ஒரு தரம் கீச்சிட்டுவிட்டு மூடினானாம். ஆனந்தராசா கம்பிவலை அடித்து, தகரக் கூரை போட்டு, கூடு ஒன்று கட்டி வைத்திருந்தான். மாடிவீடு மாதிரி இருந்தது. பெட்டியின் பக்கத்தில் அச்சடித்திருந்ததை வாசித்தபோதுதான் இருவருக்கும் முகம் மாறியது: இரவு பகலாக மின்குமிழ் எரியவேணும், மூட்டைத் தீன் போடவேணும்.

ஊரில் கரண்ட் போய் வருடக்கணக்கு. மண்ணெண்ணெய் கூப்பனுக்கு. மூட்டைத் தீன் சாவடி தாண்டி வராது.

"உலகத்து எண்ணெயெல்லாம் காவல் காக்கிறீங்கள். ஒரு லாம்புக்கு ஊத்த வழியில்லை" என்றாள் கமலாதேவி. பகிடியாகத்தான் சொன்னாள். பொழுது சாயச் சாயக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடுங்கின. அவை செத்தால் அம்மாவும் இல்லை, அக்கரைதான்.

வேலிப் பொத்தலில் போய் நின்றாள். "மைமூனாக்கா..."

மைமூனா எதையும் சொல்லிக் காட்டவில்லை. கொஞ்சம் மட்டும் சொன்னாள். "மெசினுக்குப் பிறந்த புள்ளயளுக்கு இப்ப உம்மா வேணுமாக்கும்? கேளு புள்ள. என்ட சாம்பலிக் கோழி அடை கிடக்காள். போன கிழமை செல் விழுந்து வெடிச்ச அதிர்ச்சியில முட்டையெல்லாம் கூழாப் போயிட்டு. அவள் எழும்பமாட்டன் எண்டு குந்திக்கொண்டிருக்காள். கொண்டு வா."

மஃரிப் பாங்கு கேட்கிற நேரம், முகம் தெரியாத கருக்கலில், மைமூனா கூழ்முட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாள். கமலாதேவி ஒவ்வொரு குஞ்சாகச் செருகினாள். சாம்பலி ஒருதரம் கொத்தினாள். பிறகு செட்டையை அகட்டினாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கொறக் கொறக் என்று. கீச்சிடல் அடங்கியது.

"முடிஞ்சிது" என்றாள் மைமூனா. "இனி அவள் புள்ளயள்."

அடுத்த மாதங்களில் சாம்பலி நடத்திய பள்ளிக்கூடத்தை நிலாவெளி பார்த்தது. மூட்டைத் தீன் கேட்க வேண்டிய குஞ்சுகள் குப்பை கிளறின. ஆனந்தராசா சாணியும் வைக்கோலும் அடைத்த மண்முட்டியைப் புற்றில் கவிழ்த்து வைப்பான். விடிய அது நிறையக் கறையான் இருக்கும், குஞ்சுகள் அவன் காலைச் சுற்றி ஓடும். சீனன்குடாவிலிருந்து ஹெலிகொப்டர் கிளம்பினால், மனிதர் காதுக்கு எட்டுமுன் சாம்பலி கழுத்தை நீட்டிக் கத்துவாள். அவளுக்கு அது ஒரு பெரிய பருந்து. பன்னிரண்டும் பூவரசுக்குக் கீழே மாயம். அதைப் பார்த்துக் கமலாதேவியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பங்கர்க் குழிக்கு நடப்பாள்.

செட்டை முளைத்ததும் சாம்பலி முருங்கையில் ஏறிப் படுத்தாள். வெள்ளைகளும் பின்னால் ஏறின. மாடிவீடு வெறுமையாகக் கிடந்தது.

ஒன்பதாம் மாதம் லோஞ்ச் ஓடியது. கையில் சரக்குப் பையோடு வந்து இறங்கிய நல்லம்மா வளவுக்குள் கால் வைத்தா. சலவைக்காரர் காயப்போட்டது போல முற்றம் முழுக்க வெள்ளை.

"இதென்ன பிள்ளை?"

"கோழி, அம்மா."

"அது தெரியுது. பண்ணைக் கோழி! நிண்ட இடத்திலை நிண்டு மூட்டை திண்டு ஊதினது. அந்தத் தண்ணி இறைச்சி சரக்கோடை சேருமே? உடுப்பை எடு. நாளைக்கு லோஞ்ச் திரும்புது, ரெண்டு பேரும் போறம்."

"மாமி, தேத்தண்ணியாவது..." என்றான் ஆனந்தராசா.

"பையை அவிழ்க்கேல்லைத் தம்பி. அவிழ்க்கமாட்டன்."

வேலிப் பொத்தலில் மைமூனாவின் முகம் தெரிந்தது. அன்று கேட்டுக்கொண்டபடியே வாயைத் திறக்கவில்லை. கமலாதேவி முருங்கையில் சாய்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் சாம்பலி கத்தினாள்.

முற்றம் ஒரு நொடியில் வெறுமை. ஒரு வெள்ளை இறகு மட்டும் சுழன்று விழுந்தது. நல்லம்மா திகைத்து நிற்கையில்தான் ஹெலியின் சத்தம் மெல்லக் கேட்டது. "பங்கருக்கு வாங்கோ மாமி" என்று ஆனந்தராசா கையைப் பிடித்து இழுத்தான்.

ஹெலி கடல் பக்கம் போய் மறைந்தது. வெளியே வந்த நல்லம்மா பூவரசடியைக் குனிந்து பார்த்தா. இளஞ்சேவல் ஒன்றைப் பிடித்து, காலைத் தடவி, நெஞ்சை அமத்தினா.

"என்ன போடுறனீங்கள் இதுகளுக்கு?"

"கறையான், மாமி. தேங்காய்ப்பூ. மிச்சம் தங்கடை பாடு."

"எங்கை படுக்குதுகள்?"

பதிலை ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொழுது சாய்ந்திருந்தது. சாம்பலி முருங்கையில் தாவினாள். பின்னால் ஒன்று, பிறகு ஒன்று, கிளையெல்லாம் வெள்ளை. நல்லம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றா.

"மரத்திலை படுக்கிற கோழிக்கு ஊர்க்கோழி எண்டுதான் பேர்" என்று கடைசியில் சொன்னா. "நிறத்தை ஆர் பாத்தது? பிள்ளை, குசினியிலை ஆணி எங்கை கிடக்கு? இந்தப் பையைக் கொழுவவேணும்."

"உம்மா" என்று வேலிக்குள்ளால் மைமூனாவின் குரல் வந்தது. "ஹலாலா அறுக்கிறது எங்கட மனிசன். இல்லாட்டி எனக்குப் பங்கில்ல. சாம்பலி என்ட கோழி, சொல்லிப்போட்டன்."

"அதுக்கென்ன, அறுக்கட்டும்" என்ற நல்லம்மா கூட்டைத் திரும்பிப் பார்த்தா. கம்பிவலை, தகரக் கூரை, தாழ்ப்பாள். "இவ்வளவு வடிவான வீட்டை ஆருக்குத் தம்பி கட்டினனீர்?"

"கோழியளுக்குத்தான், மாமி."

"அதுகளுக்கு வேண்டாமாம். நான் அறைக்குள்ளை பிள்ளையோடை படுக்கப்போறன். ஒரு பாயை எடுத்துக்கொண்டு நீர் அதுக்கை போம்."

கமலாதேவி சிரித்த சிரிப்பில் முருங்கை குலுங்கியது. சாம்பலி மேலேயிருந்து ஒருதரம் அதட்டினாள்.