பழைய வரிசை

பாதி ஆறு தாண்டியதும் மூடுபனி இறங்கியது. கிஸ்லேன் பனிவண்டியின் வேகத்தைக் குறைத்தாள். உறைந்த சேன் லோரான் ஆற்றின் மேல் வெர்ட் தீவுக்குப் போக வழிகாட்டி என்று இருப்பது வரிசையாக நட்டு வைத்த ஊசியிலை மரங்கள்தான். இப்போது அடுத்த மரமே தெரியவில்லை.

பின்னால் இருந்த ஸொலாஞ்ச் அம்மாளுக்கோ வாய் ஓயவில்லை. மோன்ட்ரியாலிலிருந்து கிளம்பி கியூபெக் முழுக்கச் சுற்றி வருகிறவள்.

"கஸ்பேசியில கடல் பார்த்தாச்சு, அபிதிபியில காடு பார்த்தாச்சு, சாகனேயில ஐஸ்ல ஓட்டை போட்டு மீனும் பிடிச்சாச்சு. உங்க தீவுதான் பாக்கி."

"அதையும் பார்த்துரலாம். கொஞ்சம் பேசாம வாங்க. ஐஸ் சத்தம் எனக்குக் கேட்கணும்."

அந்த அம்மாள் கிஸ்லேனின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

முந்தாநாள் கடல் ஓதம் ஆற்றுக்குள் ஏறி பழைய பாதையில் ஐஸ் பிளந்துவிட்டது. பாதையைப் பார்த்துக்கொள்பவன் கிஸ்லேனின் கணவன் அர்மான். பண்டிகை முடிந்து வீடுகள் வெளியே போட்ட கிறிஸ்துமஸ் மரங்களை அள்ளிக்கொண்டு போய்ப் புது வரிசை நட்டான். பழைய வரிசையைப் பிடுங்கவில்லை. "நாளைக்குப் பிடுங்கிடறேன்" என்று காலையில்தான் சொன்னான். அவனுடைய நாளைக்கு எப்போது வரும் என்பது தீவுக்கே தெரியும்.

இரண்டு வரிசைகளும் பிரியும் இடத்தில் அவள் இறங்கினாள். தவறான பக்கம் திரும்பினால் இரண்டு பேரும் ஆற்றுக்குள்.

வலப்பக்க மரத்தைத் தடவினாள். விரலில் வெள்ளி ஜரிகை சிக்கியது, யார் வீட்டு அலங்காரமோ. இதுதான் புதுசு. இடப்பக்கம் மரமே இல்லை, மரம் நின்ற குழி மட்டும் இருந்தது. அதைத் தாண்டி ஒரு பனிவண்டியின் தடம் மூடுபனிக்குள் போயிருந்தது.

"அதிசயமா இன்னிக்கே பிடுங்கிட்டான், சோம்பேறி" என்றாள். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஜரிகை மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வண்டியை நகர்த்திக் கரை சேர்ந்தாள். ஸொலாஞ்ச் அம்மாள் இறங்கி மண்ணைத் தொட்டு அழுதாள்.

பக்கத்து வீட்டு ரொஸேர் விளக்கோடு ஓடி வந்தார்.

"வந்துட்டியாம்மா. அர்மான் எங்கே, பின்னாடி வர்றானா?"

"வீட்டுல இல்லையா?"

"இங்கே முன்னாடியே பனி இறங்கிருச்சு. பார்த்ததும் பதறிப்போய்க் கிளம்பினான். நீ வழி மாறிடுவேன்னு, பழைய மரம் ஒண்ணு விடாம பிடுங்கிட்டு வர்றேன்னு போனான். போன் அடிக்குது, எடுக்கல."

கிஸ்லேன் வண்டியைத் திருப்பினாள். ரொஸேர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எதைப் பார்த்துப் போவே? அங்கே இப்போ ஒரு மரம்கூட இல்லையே."