கனகாம்பரம் வைத்த படம்

கோட்டைக்குப் போய்வந்த நாளிலிருந்து சாரதாவுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன டப்பா கேமராவால் வந்தது. அவள் கொழுந்தன் தேவநாதன் அதைப் பாண்டிச்சேரியில் வாங்கி வந்திருந்தான்.

ஸ்டுடியோவில் படம் எடுப்பதென்றால் அதற்கொரு முறை உண்டு. தலை வாரி, பவுடர் பூசி, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, ‘ரெடி’ என்றதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம். இவன் அப்படியா? நில் என்று சொல்லமாட்டான், சிரி என்று சொல்லமாட்டான். பஸ் வந்தால் கிளிக், ஆடு படுத்தால் கிளிக். கோட்டைக்குள் இருந்த கல்யாண மகால் நிழலில் கட்டுச்சோறு பிரித்தபோது, நாத்தனார் நீலாவதி தன் கனகாம்பரத்தில் பாதியைப் பிய்த்து விளையாட்டாய் அண்ணி தலையில் சொருகினாள். “ஐயோ, எடுடீ!” என்று சாரதா தலையை உதறிச் சிரித்தாள். அதற்கும் ஒரு கிளிக்!

சாரதாவின் புருஷன் போய்ச்சேர்ந்து இரண்டு வருஷம். தலையில் பூவும் வாயெல்லாம் சிரிப்புமாக மாமனார் இளையபெருமாள் அவளைப் பார்த்தால் என்ன ஆகும்? திண்டிவனத்தில் டீச்சர் டிரெயினிங் சேர அவர் கையெழுத்து வேண்டும். மருமகள் அடக்கமானவள் என்ற நம்பிக்கையில்தான் ‘பாக்கலாம்’ என்று பாதி மனசாய்ச் சொல்லியிருந்தார். அந்தப் படம் கண்ணில் பட்டால் திண்டிவனமாவது ஒன்றாவது, சாகிறவரைக்கும் இந்த அடுப்படிதான்.

“தம்பி, அத்தக் கிழிச்சுப் போட்டுடுப்பா,” என்று கெஞ்சினாள்.

“பன்னெண்டும் எடுத்து முடிச்சாத்தான் ரோல கழுவ முடியும் அண்ணி. இன்னும் மூணு பாக்கி இருக்குது. பிரிண்டு வந்ததும் மொத வேலையா எடுத்துடறேன், பயப்படாதீங்க.”

பயப்படாமல் எப்படி இருப்பது? ஆணியில் தொங்கிய கேமராவை ஆளில்லாத நேரத்தில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அதைத் திறக்கும் வித்தைதான் அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் இப்படியே போயிற்று. கடைசிப் படத்துக்கு அந்தப் புத்திசாலி, மளிகைக் கடையில் புளி நிறுத்துக்கொண்டிருந்த தன் நைனா இளையபெருமாளையே பிடித்துவிட்டான்! மனிதருக்கு ஏக குஷி. “இன்னாடா, என் படம் வந்துச்சா?” என்று தினமும் துளைத்தெடுத்தார்.

ரோலைக் கழுவிய ஸ்டுடியோ ராஜாராம் பெரியவரிடம் நல்ல பேர் வாங்க நினைத்து, ஒரு சாயங்காலம் கவரைத் தானே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

டிரெயினிங் விண்ணப்பப் பாரமும் அப்போது அவர் முன்னால்தான் இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவரைப் பிரித்தார். சாரதா கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். தேவநாதனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. உள்ளங்கை அளவுகூட இல்லாத படங்களைக் கிழவர் ஒவ்வொன்றாய்த் தள்ளினார். பஸ், ஆடு, கோட்டை மதில். அடுத்த படத்தில் கை நின்றுவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று சாரதா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“யாருடா இந்தப் பொண்ணு?”

தேவநாதன் முந்திக்கொண்டான். “நீலாவதியோட சிநேகிதி நைனா. அன்னிக்குக் கூட வந்துது.”

“நல்ல களையான மொகம்டா. இப்படி வாய்நெறையச் சிரிக்கிற பொண்ணு ஒண்ணு மருமவளா வந்துதுன்னா இந்த வூடே வெளங்கிடும். யாரு எவருன்னு விசாரிச்சு வை.”

பிறகு பேனாவை எடுத்துப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

“சாரதா, இந்தாம்மா,” என்று தலை நிமிராமலே நீட்டினார்.

அவள் வெளியே வந்து வாங்கிக்கொண்டாள். மூன்று வாரமாய்ச் சாமியிடம் மன்றாடியது கைக்கு வந்துவிட்டது. அவர் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷமாய் மூன்று வேளையும் அவருக்கு இலை போட்டவள் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பாவி மனசு எப்படித் தாங்கும்?

“அப்படியே ஒரு காபி கொண்டாம்மா.”

“இதோ மாமா,” என்று உள்ளே போனவளுக்கு அடுப்பைப் பற்றவைக்கக் கண் தெரியவில்லை.