நெருங்கிய தோழி

ஹேங்கரோடு சட்டையை நீட்டியபடி வெர்னா நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்ட்ராண்டர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் கோத்து வைத்துக்கொண்டு சட்டையையே பார்த்தார்.

"காலர் கொஞ்சம் நைஞ்சு போச்சு. மேல கோட்டு போட்டுட்டா தெரியாது" என்றாள்.

"அதுக்கில்ல வெர்னா. ராய்ஸ் வரட்டும்."

"அப்பாவோட சட்டை அளவுகூட ராய்ஸுக்குத் தெரியாதே."

"தெரியாதுதான். ஆனா நான் கேக்க வேண்டியது அவனைத்தான்."

ஊரில் பிணங்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, புதைக்கும் ஒரே ஆள் ஆஸ்ட்ராண்டர். வயோமிங் குளிரில், மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ராய்ஸின் அப்பா மெர்ல் ஓட்டிக்கொண்டு வரும்போது, சவ வண்டி வெளியே வரட்டும் என்று இந்த வாசலையும் ஒருமுறை வழித்துவிட்டுத்தான் போவார். அதற்காக ஆஸ்ட்ராண்டர் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் விஸ்கி அனுப்புவார். அட்டையில் எப்போதும் 'மெர்லுக்கும் வெர்னாவுக்கும்' என்றிருக்கும். போன மாதம்கூட வந்தது.

வெர்னா சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

விவாகரத்து யோசனை மெர்லுடையதுதான். லாரி கொட்டகையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே, "நாம பிரிஞ்சிட்டா என்ன?" என்று கேட்டார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரவ?" என்றாள். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

விஷயம் எளிமையானது. மெர்லுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டதால் முதியோருக்கான அரசுக் காப்பீடு இருந்தது. வெர்னாவுக்கு அந்த வயது ஆகவில்லை. பள்ளிச் சமையலறையில் பகுதி நேர வேலை. அங்கே காப்பீடு கிடையாது. கைவிரல்களை முறுக்கிப்போடும் மூட்டுநோய்க்கு மாதம் இரண்டு ஊசி போட்டாக வேண்டும். அவளே வாங்கும் காப்பீட்டின் பிரீமியத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் வரிச்சலுகையாகத் தாங்கிவந்தது. அந்தச் சலுகைக்கு ஒரு கோடு உண்டு. குடும்ப வருமானம் ஒரு டாலர் கோட்டைத் தாண்டினாலும் சலுகை முழுவதும் போய்விடும். மெர்லின் ரயில்வே பென்ஷன், லாரிச் சம்பளம், அவள் சம்பளம் மூன்றையும் கூட்டினால் கோட்டைத் தாண்டியது. அப்போது அவள் ஒருத்திக்குக் கட்ட வேண்டிய பிரீமியம் வீட்டுக்கடன் தவணையைவிட அதிகம். அவள் தனியாள் என்றால் கோட்டுக்கு வெகு கீழே.

நீதிமன்றத்தில், 'இந்த மணவாழ்வைச் சரிசெய்ய வழியே இல்லை' என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் விரல்கள் மடங்காததால் பேனாவை மெர்ல்தான் பிடித்துக்கொடுத்தார். அதைப் பார்த்த குமாஸ்தாப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு எதிர்க்கடையில் போய் இறைச்சி வறுவல் சாப்பிட்டார்கள். என்ன விசேஷம் என்று பரிமாறியவள் கேட்டாள். "கல்யாண நாள்" என்றார் மெர்ல்.

வீடும் வண்டியும் மெர்ல் பேரிலேயே இருந்தன. "பேர் மாத்துறதுக்கு வேற தண்டம் அழணுமா? நான் எங்க போகப்போறேன்?" அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அவர் குரல் கேட்கும். "முன்னாள் பெண்டாட்டி காபி போட்டுத் தருவாளா, இல்ல அதுக்கும் கோர்ட்டுக்குப் போகணுமா?"

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விளையாடவில்லை. "வெளியாள் எவன் கேட்டாலும் சரி, சீருடை போட்டிருந்தா நீ என் பெண்டாட்டி இல்ல. பொய்யா பிரிஞ்சோம்னு தெரிஞ்சா கொடுத்ததையெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. ஊசியும் போச்சு." அப்படிக் கேட்பார்களா என்று இருவருக்குமே சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. சமையலறையில் நின்று ஒத்திகை பார்த்தார்கள். அவர் மிரட்டும் குரலில் கேட்பார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு "இல்லைங்க" என்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை, பூட்ஸ் மாட்டக் குனிந்தவர் அப்படியே தரையில் சாய்ந்தார். ஆம்புலன்ஸில் வந்தவன் சின்ன வயது. நீலச் சீருடை. முகமூடியை மெர்ல் மூக்கில் பொருத்திக்கொண்டே திரும்பாமல் கேட்டான்: "நீங்க மனைவியா?"

"இல்லைங்க" என்றாள். "விவாகரத்தாயிடுச்சு."

மெர்லின் கண்கள் திறந்துதான் இருந்தன.

ஆஸ்பத்திரியில் மகனுக்குப் போன் செய்தார்கள். குடும்பத்தார் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார்கள். குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ராய்ஸ் காஸ்பர் நகரத்திலிருந்து பனியில் வண்டியோட்டி வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

ஆஸ்ட்ராண்டர் அறையின் கதவு திறந்து காற்று உள்ளே வந்தது. ராய்ஸும் அவன் மனைவி கெண்ட்ராவும் பூட்ஸைத் தட்டிக்கொண்டு நுழைந்தார்கள். ராய்ஸ் அப்பாவைப் போலவே நெடு உயரம். வெர்னாவைக் கட்டிக்கொண்டு முதுகில் இரண்டு முறை தட்டினான்.

"சாப்பிட்டீங்களா வெர்னா?"

"ம்."

"பேப்பருக்குக் குடுக்க எழுதியிருக்கேன். கேளுங்க" என்று கெண்ட்ரா கைபேசியை எடுத்தாள். மெர்லின் பிறப்பு, ரயில்வே, மீன்பிடிப் பிரியம், எல்லாம் சரியாக இருந்தது. "அவரது பிரிவால் வாடுவோர்: மகன் ராய்ஸ், மருமகள் கெண்ட்ரா, பேத்திகள், நெருங்கிய தோழி வெர்னா."

"தோழியா?"

"முன்னாள் மனைவின்னு போட்டா ஒரு மாதிரி இருக்கும்ல. சண்டை போட்டுப் பிரிஞ்ச மாதிரி. தோழின்னா ஒரு மரியாதை." கெண்ட்ரா உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வெர்னா ஆஸ்ட்ராண்டர் பக்கம் திரும்பினாள். "கல்லறைத் தோட்டத்துல கிழக்கு வேலியோரம் ரெண்டு இடம் வாங்கி வெச்சிருக்கோம். அவருக்கும் எனக்கும். அங்கிருந்து பார்த்தா நெடுஞ்சாலை தெரியும். உங்ககிட்டதான வாங்கினோம்."

ஆஸ்ட்ராண்டர் ராய்ஸைப் பார்த்தார்.

"அம்மா பக்கத்துலதான்" என்றான் ராய்ஸ். "கல்லுல அப்பா பேரை அப்பவே வெட்டியாச்சு. வருஷம் மட்டும்தான் போடணும்."

"அது உங்கம்மா போனப்ப வெட்டினது. அதுக்கப்புறம் எத்தனை வருஷம் என்கூட வாழ்ந்தார்! என் பக்கத்துல படுக்கணும்னு அவர் வாயால சொன்னார் ராய்ஸ்."

"எழுதி வெச்சிருக்காரா?"

"சட்டம் என்னன்னா," ஆஸ்ட்ராண்டர் தொண்டையைச் செருமினார், "முதல்ல பெண்டாட்டி. இல்லேன்னா பிள்ளைங்க. தோழிக்கெல்லாம் இதுல இடமில்ல."

"நான் அவர் பெண்டாட்டி. பிரிஞ்சதெல்லாம் பேப்பர்ல மட்டும்தான், இந்த ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியும். விஸ்கி பாட்டில்ல எழுதி அனுப்புறீங்களே!"

ஆஸ்ட்ராண்டர் மேசையைத் துடைப்பதுபோல உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"பேப்பர்ல மட்டும்தானா?" ராய்ஸ் குரலை உயர்த்தவில்லை. நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான். "எனக்கு ஒண்ணுதான் புரியல வெர்னா. அரசாங்கத்துகிட்ட பெண்டாட்டி இல்லேன்னு சொல்லித்தான ஊசிக்குப் பணம் வருது? இப்ப ஜட்ஜுகிட்ட போய்ப் பெண்டாட்டின்னு சொல்லுவீங்களா? சொல்லுங்க. நான் தடுக்கல. அம்மா பக்கத்துல வேண்டாம்னு ஜட்ஜு சொன்னா கேட்டுக்கறேன்."

"ராய்ஸ்" என்றாள் கெண்ட்ரா.

"நான் மிரட்டல கெண்ட்ரா. கேக்கறேன். ரெண்டுல எதுன்னு."

வெர்னா தன் கைகளைப் பார்த்தாள். வலது கையின் நடுவிரல் விவாகரத்துக்குப் பிந்தைய இந்த ஒன்றரை வருடத்தில் ஓரளவு நிமிர்ந்திருந்தது. சட்டைப் பொத்தான்களைப் போட முடிந்தது. இன்று காலை இந்தச் சட்டையை அவளே இஸ்திரி போட்டிருந்தாள். ஊசி நின்றால் ஆறு வாரத்தில் கரண்டி பிடிக்க முடியாது. பள்ளிச் சமையலறையும் அதோடு முடியும்.

"தோழின்னே இருக்கட்டும்" என்றாள்.

ஆஸ்ட்ராண்டர் எழுந்து வந்து அவள் மடியிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டார். ராய்ஸைக் கேட்டார். "இது சரிதானே?"

"சரி" என்றான் ராய்ஸ், பார்க்காமலே.

சனிக்கிழமை காற்று பலமாக வீசியது. மெர்லின் வண்டியை வெர்னா தானே ஓட்டிக்கொண்டு கல்லறைக்கு வந்தாள். உறைந்த மண்ணை இயந்திரம் வைத்துத் தோண்டியிருந்தார்கள். குழியோரம் பச்சை வெல்வெட் உறை போட்ட நாற்காலிகள் ஒரே வரிசை. ராய்ஸ், கெண்ட்ரா, இரண்டு பேத்திகள். கடைசி நாற்காலி காலியாக இருந்தது. கெண்ட்ரா வெர்னாவைத் திரும்பிப் பார்த்தாள்; பிறகு ராய்ஸைப் பார்த்தாள்; தன் கைப்பையை அந்த நாற்காலியில் வைத்தாள். வெர்னா பனி லாரி ஓட்டுநர்களோடு பின்னால் நின்றாள். அவர்களில் ஒருவன் தன் கையுறைகளைக் கழற்றி அவளிடம் கொடுத்தான்.

பாதிரியார் காஸ்பரிலிருந்து வந்தவர். முன்வரிசையில் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, இழப்புக்கு வருந்துவதாகச் சொன்னார். பின்னால் வந்து வெர்னாவின் கையையும் குலுக்கினார்.

"இந்தக் குளிர்ல வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றார்.

"பரவாயில்ல" என்றாள்.

கூட்டம் கலைந்து சாப்பாட்டுக்காகத் தேவாலயக் கூடத்தை நோக்கி நடந்தது. அவள் வண்டிக் கதவைத் திறக்கும்போது ராய்ஸ் பின்னால் வந்து நின்றான். மூக்கு சிவந்திருந்தது. அழுதிருக்கிறான்.

"வெர்னா... வண்டி அப்பா பேர்ல இருக்கு. நாளைக்கு ஊருக்குப் போகும்போதே எடுத்துட்டுப் போயிடறேன். வீட்டுக்கு அவசரமில்ல. பனியெல்லாம் உருகட்டும். வசந்தம் வரைக்கும் இருங்க."

சாவியைக் கொடுத்தாள். பின்சீட்டிலிருந்து தன் பையையும் கூடத்துச் சாப்பாட்டுக்குச் சமைத்த உருளைக்கிழங்குப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டாள்.

"கூடம் வரைக்கும் கொண்டுவந்து விடறேன், ஏறுங்க."

"இல்ல. நடந்துடுவேன்."

ராய்ஸ் உள்ளே ஏறினான். முழங்கால்கள் ஸ்டியரிங்கில் இடித்தன. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள்தான் இருக்கையை முன்னால் இழுத்துப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து, கீழே தடவி, நெம்புகோலை இழுத்தான். இருக்கை கடகடவென்று பின்னால் ஓடி, மெர்ல் உட்காரும் இடத்தில் போய் 'டக்'கென்று பூட்டிக்கொண்டது.