திருத்தச் சீட்டு

சவப்பெட்டிக்குள், அப்பாவின் நெஞ்சின்மேல் சித்தப்பா கௌரிசங்கர் வைத்த, அப்பாவே எழுதிய புத்தகத்தை மிருணாளினி வெளியே எடுத்தாள்.

"ஏன் பிள்ளை எடுக்கிறாய்? அண்ணையின்ர உழைப்பெல்லோ அது?"

"இது முதல் பதிப்பு, சித்தப்பா. இதில இருக்கிற பாதி இணையத்தளங்கள் இப்ப இல்லை."

"எந்தப் பதிப்பெண்டா என்ன? ஆர் பாக்கப் போகினம்?"

ஒருநாளும் அதைத் திறந்து பாராத மனிதர், இன்னும் சற்று நேரத்தில் ஒலிவாங்கி முன் நின்று அதைப் புகழப்போகிறார்.

அவளும் அதை மதித்தவளில்லை. படம் பகிரும் இணையத்தளங்களை வயதானவர்களுக்கு விளக்க ஓர் அச்சுப் புத்தகம்! அச்சகத்திலிருந்து வருவதற்குள் ஏதாவதொரு தளம் பொத்தானை இடம் மாற்றிவிடும். அப்பா திருத்தச் சீட்டு அடித்து, மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வருபவர்களின் பிரதிகளில் தானே ஒட்டிக்கொடுப்பார்.

"வேஸ்ட் ஒஃப் டைம், அப்பா."

"பிழையான வழி சொல்லிப்போட்டுச் சும்மா இருக்கேலுமே?"

பசை காய்ந்த விரல்களோடு அவர் நிற்பதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

லிட்கம் இறுதிச்சடங்கு மண்டபம் நிறைந்தது. "டிஜிட்டல் உலகத்தின் விடிவெள்ளி" என்றார் கௌரிசங்கர். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். விடிவெள்ளியாம். மிருணாளினி எழுந்து வெளி நடைக்கு வந்தாள்.

பின்னாலேயே டூங்கபியில் இருக்கும் ரஞ்சினி அன்ரி வந்தார். கணவரை இழந்து தனியாக இருப்பவர். கையில் அப்பாவின் புத்தகம், ஒட்டிய சீட்டுகளால் உப்பியிருந்தது. ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"குறை நினையாதேங்கோ பிள்ளை. என்ர அவற்ர படமெல்லாம் இந்தத் தளத்திலதான் கிடக்கு. அழிக்கப்போறம் எண்டு ஈமெயில் வந்திருக்கு. அப்பா அழியாது எண்டெல்லோ எழுதினவர்?"

செத்தவீட்டில் கேட்கிற கேள்வியா இது?

"பேந்து பாப்பம், அன்ரி."

"நாளைக்குத் தவணை முடியுதாம்."

மிருணாளினி அவருடைய போனைப் பறிக்காத குறையாக வாங்கினாள். படங்களை இறக்கிக்கொள்ள அப்பா எழுதியிருந்தபடியே ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டு போனாள். கடைசிப் பொத்தான் மட்டும் சொன்ன இடத்தில் இல்லை. தேடிப் பிடித்தாள். படங்கள் ஒவ்வொன்றாகப் போனுக்குள் இறங்கத் தொடங்கின. வேட்டியோடு ஒருவர், கடற்கரையில் அவரே, கேக் வெட்டியபடி அவரே.

கௌரிசங்கர் கதவால் எட்டிப் பார்த்தார். "பெட்டி மூடப்போகினம், பிள்ளை. வா."

"வாறன்."

அன்ரியிடம் பேனா வாங்கினாள். அவருடைய பிரதியில் 'ஒருமுறை ஏற்றிய படம் ஒருபோதும் அழியாது' என்ற வரியை வெட்டினாள். ஓரத்தில், பொத்தான் இப்போது இருக்கும் இடத்தைச் சிறிய எழுத்தில் எழுதினாள்.

உள்ளே தேவாரம் தொடங்கியது. அன்ரி புத்தகத்துக்குக் கை நீட்டினார்.

"பொறுங்கோ" என்றாள். மை காயும்வரை குனிந்து பக்கத்தை ஊதிக்கொண்டிருந்தாள்.