டில்லிபாபுவின் புதுப் பல்

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், டீக்கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் கடை என்னுடையது. டீ-சர்ட், தலையணை உறை, கொடி என்று எதில் வேண்டுமானாலும் படம் ஏற்றித் தருவேன். துணி மட்டும் பாலியஸ்டராக இருக்க வேண்டும். காட்டன் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து "இதுலயே போட்டுக் குடும்மா" என்று அடம்பிடிப்பவர்களுக்கு விளக்கிச் சொல்லியே என் தொண்டை வற்றிவிட்டது.

இதற்கு முன்னால் செல்போன் கம்பெனியில் லைனில் நின்றேன். நீலக் கோட்டு, தலையில் தொப்பி, நாள் முழுக்க ஒரே ஸ்குரூவைத் திருகும் வேலை. சேர்த்து வைத்ததைப் போட்டு மெஷின் வாங்கியதில் என் வீட்டுக்காரர் சுடலைக்கண்ணுவுக்குத் துளியும் இஷ்டமில்லை. அவர் இன்னும் கம்பெனியில்தான் இருக்கிறார்.

"மாசம் பொறந்தா சம்பளம் வந்துக்கிட்டு இருந்துச்சு. உனக்கு எதுக்குட்டி இந்த வேண்டாத வேலை?" என்று தினமும் ஒரே நச்சு. ஒருநாள் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"வல்லம் வடகால் கபடி டீம் ஆர்டர் வந்திருக்கு. அது ஊத்திக்கிச்சுன்னா மெஷினை வித்துப்போட்டுத் திரும்ப லைனுக்கே போறேன். போதுமா?"

என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். அவர் நிதானமாக, "பேச்சு மாறக் கூடாது, சந்தனமாரி" என்று சொல்லிவிட்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினார்.

ஆர்டர் கொடுத்தவர் டில்லிபாபு. கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவர், அந்த டீமுக்குச் செலவு செய்கிறவர். பல வருஷமாக வாயில் ஒதுக்கிக்கொண்டிருந்த ஹான்ஸ் புகையிலையை இந்த வருஷம்தான் விட்டார். கறை ஏறிப்போன முன் பற்களுக்கு மேல் பளீரென்று புதுப் பல்லும் கட்டிக்கொண்டார். அதிலிருந்து டிராஃபிக் போலீஸ் வண்டியை மடக்கினால்கூடச் சிரிக்கிறார். ஆடித் திருவிழா கபடிக்கு, ஜெர்சியின் முதுகில் அவர் வாய் நிறையச் சிரிக்கும் படம் வர வேண்டும்.

"ஜெர்சி மஞ்சளா இருக்கணும்மா. அம்மன் கலரு."

"அண்ணே, இந்த மெஷின்ல வெள்ளை மை கிடையாது. படத்துல வெள்ளை இருக்க இடமெல்லாம் துணி நிறந்தான் தெரியும். ஒங்க வெள்ளைச் சட்டை மஞ்சளாயிரும், பாத்துக்கிடுங்க."

"ஆவட்டும்மா. ஆடி மாசத்துல மஞ்சச் சட்டை போட்டா அம்மன் கோச்சுக்குமா இன்னா?"

நானும் போய் மஞ்சள் ஜெர்சிகளை மொத்தமாக வாங்கி வந்துவிட்டேன். வாங்கிய கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

காகிதத்தில் அச்சாகும்போது படம் சோகை பிடித்தாற்போல மங்கலாகத்தான் இருக்கும். அதைத் துணிமேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்தி எடுத்தால்தான் நிறம் விழித்துக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடி எனக்கு அலுப்பதில்லை. முதல் ஜெர்சியை அழுத்தி, காகிதத்தை உரித்தேன். மீசை கருகருவென்று வந்திருந்தது. சட்டை அழகான மஞ்சள். பல்லும் மஞ்சள். அட கடவுளே! இரண்டு பேரும் சட்டையைப் பற்றித்தான் பேசினோம், பல்லை நினைக்கவே இல்லை.

வொயிட்னரை எடுத்துப் பல்லில் தடவிப் பார்த்தேன். ஜவ்வரிசியை வாயில் அடக்கியது போல இருந்தது. துடைத்துவிட்டு அவருக்கே போன் போட்டேன்.

சந்தைக்குக் கிளம்பியவர், மனைவி கிளியம்மாளோடு வேனிலேயே வந்து இறங்கினார். ஜெர்சியைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா சந்தனமாரி இது! செலவு பண்ணி பல்லு கட்டிகினு வந்தா, மறுபடியும் ஹான்ஸ் போட வெச்சிட்டியே!"

"வெள்ளை வராதுன்னு சொன்னேம்லா அண்ணே?"

"சட்டைய சொன்ன. பல்ல சொன்னியா?"

போனை எடுத்துக் கேமராவைத் திறந்தேன்.

"வாயை மூடிக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துருவமா அண்ணே?"

"வாய மூடிகினு இருக்கவா பல்லு கட்டுனேன்? வேணாம், வுட்டுடு. வெள்ள ஜெர்சில வேற எங்கனா போட்டுக்கிறேன்."

போச்சு. நீலக் கோட்டும் தொப்பியும் கண்முன்னால் வந்து நின்றன. மெஷினை அணைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

பின்னால் கிளுக்கென்று ஒரு சத்தம். கிளியம்மாள் ஜெர்சியை மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இதான்யா நீ! பல்லு கட்டுனதுலேர்ந்து நீ சிரிச்சா யாரோ வேத்தாளு மாதிரி கீது எனக்கு. இன்னிக்குத்தான் என் ஊட்டுக்காரன் மூஞ்சிய பாக்குறேன்."

"அடியே, கடைல வெச்சு மானத்த வாங்காத. ஹான்ஸ வுடு, ஹான்ஸ வுடுன்னு நீதான கத்துன?"

"நாத்தத்த வுடச் சொன்னேன். சிரிப்ப மாத்தச் சொன்னனா?"

டில்லிபாபு ஜெர்சியை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவரை அறியாமலே உதடு விரிந்தது. மேலே வெள்ளையாக ஒரு சிரிப்பு, கீழே மஞ்சளாக ஒரு சிரிப்பு. எனக்கும் மஞ்சள்தான் பிடித்தது.

"சரி, எல்லாத்தையும் இப்புடியே போடும்மா" என்றார். "இவளுக்கும் ஒண்ணு போடு. மூஞ்சி வர்ற மாதிரி. மஞ்சள்லயே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பிடித்தேன்.

"அக்கா, பல்லு தெரியாம லேசாச் சிரிங்க."

"தெரிஞ்சா தெரியட்டும் போடி. அந்தாளு பக்கத்துல நிக்க வேணாமா?" என்று கிளியம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வெளியே கம்பெனி பஸ் வந்து நின்று, நீலக் கோட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அணைத்த மெஷினை நான் மறுபடியும் போட்டேன்.