போறதுக்கா, வர்றதுக்கா?

வாசல் பாதைக்குக் கான்கிரீட் போட ஆள் தேடியபோது மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் வண்டியை விட்டே இறங்கவில்லை. கேட்டுக்கு வெளியே இருந்தபடியே கையால் காற்றை அளந்துவிட்டு, "ரெண்டு நாள் வேலைம்மா" என்று சொல்லிப் போய்விட்டார். இரண்டாவது ஆள் போனில் படம் படமாகக் காட்டினார். கல் மாதிரி, செங்கல் மாதிரி, மரப்பலகை மாதிரி எல்லாம் கான்கிரீட்டிலேயே அச்சு எடுப்பாராம். "கான்கிரீட் மாதிரி கான்கிரீட் கிடைக்குமா?" என்று கேட்டேன். அவரும் போய்விட்டார்.

மூன்றாவது ஆள் வந்ததும் வராததுமாக மண்டியிட்டு, கையோடு கொண்டுவந்த ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுமே, அதுதான். பாதை நெடுக ஏழெட்டு இடத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். அப்போதே மனசுக்குள் அவருக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்துவிட்டேன். பார்த்து முடித்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ரொம்ப வாட்டமா இருக்கேக்கா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள். "எனக்கு ஒரு வாட்டமும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். நீங்க வந்த வேலையப் பாருங்க" என்றேன்.

"பாதையச் சொன்னேன்க்கா" என்றார் அவர், சிரிக்காமல். "மழைத் தண்ணி வடியறதுக்கு ஒரு பக்கமா சரிச்சு விடுவோம்ல, அந்த வாட்டம். பழைய ஆளு அளவில்லாம சரிச்சு விட்டுட்டாரு."

அசடு வழிய அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. திரும்பி வந்தது ஒரே ஒரு சொல். டூட்டிக்குக் கிளம்பும்போது தினமும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். அதில் போகிற பாதி மட்டும் எப்படியோ உடைந்து, "போறேன்" என்று வந்து சேர்ந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் போறேன், பசித்தாலும் போறேன். "அப்படிச் சொல்லாதீங்க, வாயக் கழுவுங்க" என்று முதல் வாரமே கத்தினேன். அவருக்கு மிச்சமிருந்ததே அது ஒன்றுதான் என்பது பிறகுதான் உறைத்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், மீதியும் ஒருநாள் வரும் என்றாள். அந்த ஒருநாள் வருகிற வழியைக் காணோம்.

அவருக்கு இருந்த ஆசையும் ஒன்றே ஒன்றுதான். யாரும் தள்ளாமல், சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு கேட் வரை போய்த் தெருவைப் பார்க்க வேண்டும். நான் பின்னால் கை வைத்தால் போதும், பிரேக்கை இழுத்துவிடுவார். போன மாதம் தனியாகப் போனார். போகும்போது ஒழுங்காகப் போனவர், திரும்பி வரும்போது மதில் ஓரச் சாக்கடையில் நாற்காலியோடு சாய்ந்தார். நெற்றியில் நாலு தையல். அன்றிலிருந்து வாசல் பக்கம் முகத்தைக் காட்டாமல் கூடத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ரசமட்டம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்களேன்" என்றார்.

அவர் இடது கையால் சக்கரத்தைத் தள்ளினார். நாற்காலி வலது பக்கம் திரும்பியது. இடது காலைத் தரையில் ஊன்றி நேராக்கினார். மறுபடி தள்ளினார், மறுபடி திரும்பியது.

"புரியுது" என்றார் ரசமட்டம். "ஒத்தைக் கையால தள்ளுறதால வண்டி வலது பக்கம் திரும்புது. இடது பக்கம் வாட்டம் இருந்தா நேரா புடிச்சுக்கும். இங்கேருந்து போகும்போது மதில் இடது பக்கம், வீட்டுச் சுவர் வலது பக்கம். தண்ணியும் அந்தப் பக்கம்தான் போகணும். நல்லாத்தான் பொருந்துது…" சட்டென்று நிறுத்தினார். "ஆனா வரும்போது அதே மதில் வலது பக்கம் வந்துடுதே. கையும் அந்தப் பக்கம் திருப்பும், வாட்டமும் அந்தப் பக்கமே இழுக்கும். அன்னைக்கு விழுந்தது அதனாலதான்."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "வாட்டத்தப் போறதுக்குக் குடுக்கவா, வர்றதுக்குக் குடுக்கவா? ரெண்டுல ஒண்ணுதாங்க்கா முடியும்" என்றார்.

"வர்றதுக்கு" என்றேன். யோசிக்கவே இல்லை.

"போறேன்" என்றார் அவர்.

"வர்றதுக்குக் குடுங்க தம்பி. அவரு கிடக்காரு."

"போறேன்!" நாற்காலியின் கையை ஓங்கித் தட்டினார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "போனா திரும்பி வர வேண்டாமா? என்ன விட்டுட்டுப் போறதுக்கா நான் நாயா அலைஞ்சு ஆள் புடிச்சு ரோடு போடறேன்?" வந்த ஆளுக்கு முன்னால் இப்படிக் கத்திவிட்டோமே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டு அழுகை வந்துவிட்டது. ரசமட்டம் பாவம், கையிலிருந்த குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் மேஜை மேல் கிடந்த காகிதத்தை எட்டி எடுத்தார். ரசமட்டம் அளவு குறித்து இரண்டாக மடித்து வைத்திருந்த காகிதம். அதை மடிப்பு மேலே வரும்படி, கூரை மாதிரி தொடைமேல் கவிழ்த்து வைத்தார். இடது சரிவில் விரலை வைத்து முன்னால் ஓட்டினார். முனையில் வளைத்துத் திருப்பி, மறு சரிவில் ஓட்டித் தன்னிடமே கொண்டுவந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் அதையே செய்தார்.

"என்னங்க, கூரையா? வீட்டுக்குக் கூரை ஒழுகுதா?" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ரசமட்டம் துள்ளி எழுந்தார். "அக்கா, ரோடு! பஸ் போற ரோடு! நடுவுல மேடு, ரெண்டு ஓரமும் வாட்டம். போகும்போதும் இடது ஓரம், வரும்போதும் இடது ஓரம். எப்பப் பாத்தாலும் வாட்டம் அண்ணனுக்கு இடது பக்கம்தான்!" தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "ஊரு ஊரா ரோடு போட்டிருக்கேன், எனக்குத் தோணலையே. வீட்டுச் சுவர் பக்கம் வர்ற தண்ணிக்கு ஒரு சின்னக் கால்வாய் எடுத்து மூடி போட்டுடறேன்."

என் வீட்டுக்காரர் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு அது.

பழையதை உடைக்க ஒரு நாள், புதியதைப் போட ஒரு நாள். கலவை இறுகும் முன் ரசமட்டம் பலகை மேல் குந்தி, அங்குலம் அங்குலமாகக் குமிழியைப் பார்த்தார். அதன் பிறகு, சாக்கு விரித்து ஈரம் காயாமல் வைத்திருக்கும் வேலை என்னுடையது. வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். இவர் கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் எங்காவது விட்டுவிட்டால் பிரேக்கைத் தட்டிக் காட்டுவார். உட்கார்ந்த இடத்திலேயே அவ்வளவு அதிகாரம்! ஆனால் அவர் சுவரைப் பார்த்து உட்காரவில்லை, எனக்கு அது போதும்.

ஈரம் எல்லாம் முடிந்து சாக்கை எடுத்த அன்று காலை ரசமட்டமும் வந்திருந்தார். "கை வைக்கக் கூடாதுக்கா" என்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். இடது ஓரமாகவே போனார். கை தள்ளத் தள்ள, திரும்பப் பார்த்த நாற்காலியைச் சரிவு பிடித்து நேராக்கியது. கேட்டில் போய் நின்றார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நின்றுகொண்டே இருந்தார். அப்படியே போய்விடுவாரோ என்று பைத்தியம் மாதிரி பயந்தேன். எங்கே போகப் போகிறார், அதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

பிறகு நாற்காலி திரும்பியது. பஸ்ஸைத் திருப்புகிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வீட்டுச் சுவர் ஓரமாக, அவருடைய இடது ஓரமாக வந்தார். என் காலுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திப் பிரேக் போட்டார். முகமெல்லாம் வேர்வை. உதடு எதற்கோ கோணிக்கொண்டு பாடுபட்டது.

"வ… வரேன்."

ரசமட்டம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண்ணிலிருந்து கொட்டியது. "அதான் வந்தாச்சுல்ல? வந்து நின்னுக்கிட்டு என்ன வரேன்?" என்று அதட்டினேன்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் பிரேக்கை எடுத்துவிட்டு, நாற்காலியை மறுபடியும் கேட் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார்.

"சரி, வாங்க" என்றேன்.